ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு

"ஏங்க... ஆளைக் கொல்லவா பாக்குறீங்க?"

கேட்டவள் கேட்டதோடு நிற்கவில்லை. கிரிதரன் கையிலிருந்த டம்ளரைப் பட்டென்று தட்டியும் விட்டாள். எலுமிச்சைச் சாறு கேசட் அடுக்கு முழுக்கத் தெறித்தது.

அவனுக்கு வந்ததே கோபம்! தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஐப்பசி மழை அது. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், பாட்டுப் பதிந்து கொடுக்கும் அவன் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியவள் அவள். முன்னே பின்னே பார்த்ததுகூட இல்லை. இப்போது அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ஆனாலும் மழை பிடித்தால் கிரிதரனின் கால் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகரும்.

அன்றைக்குக் கடைக்குள் பெஞ்சில் அவன் அண்ணன் பாபு கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. குறட்டை மாதிரி ஒரு சத்தம்... அதுவும் அடங்கிக்கொண்டே வந்தது. போதை தெளிய எலுமிச்சைச் சாறு ஊற்ற வேண்டியதுதானே? மதுரையில் யாரைக் கேட்டாலும் அதைத்தானே சொல்வார்கள்!

"நெனைவில்லாதவங்க வாயில ஊத்துனா நுரையீரலுக்குள்ள போயிரும். தள்ளுங்க!"

தள்ளி நின்றான். அவள் அண்ணனின் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாய்மேல் கைக்குட்டையை விரித்து ஊதினாள். நெஞ்சு ஏறியது... இறங்கியது. மறுபடி ஊதினாள். நடுவில் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள் பாருங்கள்... இமையில் மழைத்துளி, கண்ணுக்குள் அத்தனை கோபம், அத்தனை இரக்கம். அண்ணன் சாகக் கிடக்கும்போது இந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்று கிரிதரனுக்கே வெட்கமாகிவிட்டது.

"என் மூஞ்சியில என்ன இருக்கு? போயி ஆட்டோ பிடிங்க!"

தெருமுனைக் காசிமாயனின் ஆட்டோ பறந்தது. வழியெல்லாம் ஊதிக்கொண்டே வந்தவள் கேட்டாள். "என்ன போட்டாரு?"

"ஒண்ணுமில்ல... வலிப்பு."

வீடே சொல்லிப் பழகிய பொய் அது. தங்கச்சிக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும் அதையே சொன்னான். பின்னாலேயே சைக்கிளில் வந்த தெருக்காரர்கள் சுற்றி நிற்க, வேறென்ன சொல்வான்?

"பொய், டாக்டர்! பிரவுன் சுகர். கையில ஊசித் தடம் இருக்கு பாருங்க!"

முறிவு மருந்து ஏறியதும் பாபு கண்ணைத் திறந்தான். வராந்தாவில் கிரிதரன் சீறினான். "எங்க வீட்டு மானத்தச் சந்தி சிரிக்க வச்சுட்டீங்களே... நீங்க யாருங்க?"

"ஜெனி. போதை மறுவாழ்வு மையத்துல வேலை பாக்குறேன். உங்கண்ணன் மூச்சு விடுறாரு. அது போதும் எனக்கு." சொல்லிவிட்டு மழையிலேயே போய்விட்டாள்.

வரன் தட்டிப்போனது. அப்பா மகன்கள் இருவரிடமும் பேச்சை நிறுத்தினார். கிரிதரன் அவளைத் திட்டித் தீர்த்தான். ஆனால் காலையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி பிட்டுத் தின்னும்போது, அந்தக் கோபம் எங்கே நிற்கும்?

பக்கத்துத் தெருவில் அதே ஊசிக்குப் பழகியிருந்த காளை என்ற பையனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்த கூட்டாளிகள், மயங்கிக் கிடந்தவன் வாயில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடிவிட்டார்கள். கிரிதரன் அந்தப் பாடைக்குப் பின்னால் நடந்தான். அண்ணனுக்கு வந்திருக்க வேண்டியது இது என்ற நினைப்பு சுடுகாடு வரை கூடவே வந்தது.

சில நாள் கழித்து, தெருவில் ஜெனி! கையில் ஒரு பெரிய துணிப்பொம்மை. மூச்சு ஊதிக் காப்பாற்றச் சொல்லித்தர வந்திருக்கிறாள். வீட்டுக்கு வீடு ஒரே பதில்தான்.

"நம்ம தெருவுல அப்படி யாரும் இல்லம்மா."

பொம்மையை அணைத்துக்கொண்டு, முகம் வாடி அவள் நின்றது கிரிதரனுக்குப் பொறுக்கவில்லை. கடை மைக்கை எடுத்தான். ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பினான்.

"எங்க வீட்டுல இருக்கான்... எங்கண்ணன் பாபு. வலிப்புன்னு சொன்னதெல்லாம் பொய். அன்னைக்கு இவங்க என் கையத் தட்டிவிடலேன்னா, நானே அவனக் கொன்னுருப்பேன். வாங்க... வந்து கத்துக்கங்க."

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கடைக்கு உள்ளேயிருந்து பாபு வந்தான். "பொம்மை எதுக்கும்மா? நான் படுக்குறேன்" என்று பெஞ்சில் நீட்டிப் படுத்தான். யாரோ சிரித்தார்கள். முதல் ஆளாய் வந்து உட்கார்ந்தது காளையின் அம்மா.

கூட்டம் கலைந்தபோது லேசாகத் தூறியது. கிரிதரன் ஒரு டம்ளரை நீட்டினான்.

"எலுமிச்சைச் சாறு... தட்டிவிட்டுராதீங்க."

"முழிச்சிருக்கவங்களுக்குத் தாராளமாக் குடுக்கலாம்." வாங்கிக் குடித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது.

"ஒண்ணு சொல்லணும்..."

"மைக் எடுத்துட்டு வரவா?"

"வேணாம்... இது உங்களுக்கு மட்டும். அன்னைக்கு அம்புட்டுத் திட்டுனேன். ஆனா மழை பேஞ்சா வாசலத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்... நீங்க ஒதுங்க மாட்டீங்களான்னு. உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு, ஜெனி."

அவள் டம்ளரையே பார்த்தாள். "நான் சர்ச்சுக்குப் போறவ. உங்க வீட்டுக்குள்ள பேசுறது தமிழே இல்ல, வேற பாஷை. ஒத்துக்குவாங்களா?"

"எங்கண்ணனையே ஊரறியச் சொல்லிட்டேன். உங்களச் சொல்ல மாட்டேனா?"

ஜெனி மணியைப் பார்த்தாள். மேலூர் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. காலி டம்ளரை அவன் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். தூறலில் நான்கு எட்டு நடந்தவள் திரும்பினாள்... அதே கண்கள். இம்முறை கோபத்தைத்தான் காணோம்.

"நாளைக்கு மழை பேயாட்டியும் வாரேன்."