இடது சரிவின் படம்

விடிந்தால் இடுகாட்டில் ஜேசிபி இறங்கும் என்று சொல்லிக்கொண்டே தோட்டத் தொழிலாளி பொன்னாயி ஒரு படத்தை நீட்டினாள். தேயிலை விலை படுத்துப்போன வருடம் அது. தேவாலாப் பக்கத்துத் தோட்டம் கடனில் முங்கி, ஓடைக்கு இடதுபுறச் சரிவை விடுதி கட்டும் லிங்கசாமிக்கு விலை பேசியிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளர்கள் தங்கள் பிணங்களைப் புதைத்துவந்த சரிவு.

"எம் மகனப் பொதச்ச மண்ணே இன்னும் காயல டீச்சர். நேத்து வந்து எடத்த வளச்சவங்களாம் நாங்க. சப்-கலெக்டர்கிட்ட இந்தப் படத்தக் காட்டிட்டாங்க."

அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தும் சுகுணா படத்தை வாங்கினார். ஜீப் ஓட்டும் சங்கிலி எட்டிப் பார்த்தான். கீழ்ச்சாலையிலிருந்து எடுத்த பழைய படம். நடுவில் ஓடை. வலது சரிவில் கல்லறைகள். இடது சரிவில் வெறும் புல். முன்னால் ஆறு பேர் இடக்கையில் கத்தி பிடித்துத் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

சங்கிலி உதட்டைப் பிதுக்கினான். "படமே சொல்லுதுங்களே டீச்சர். போச்சுங்க."

"படம் சொல்லல சங்கிலி. கொண்டுவந்தவங்க சொல்றாங்க. யாரு கொண்டுவந்தது?"

"இன்டர்நெட்ல எடுத்தது வேலுமணின்னு லிங்கசாமி சொல்றாரு. லிங்கசாமிதான் குடுத்தாருன்னு வேலுமணி சொல்றாரு" என்றாள் பொன்னாயி. வேலுமணி தோட்டத்து ஹெட் கிளார்க். கவாத்து வெட்டி, பிறகு ஆபீஸுக்குப் போனவர்.

அன்று மாலையே, கூடலூர் பிரவுசிங் சென்டரில் சங்கிலிக்குக் கை பரபரத்தது. "இந்தாங்க, இதே படம்! இன்னொண்ணு! அட, எல்லாத்துலயும் இருக்குதுங்க!"

"எல்லாம் ஒருத்தரப் பார்த்து ஒருத்தர் போட்டது. இந்தப் பழைய படத்தோட கண்ணாடி நெகட்டிவ வச்சிருக்கிறவங்க யாரு? அத ஸ்கேன் பண்ணின நூலகத்துப் பக்கத்துக்குப் போ."

அந்தப் பக்கம் மெல்லத் திறந்தது. சுகுணா வெகுநேரம் பார்த்தார். ஓரம் வெட்டாமல் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். சங்கிலிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் இடுகாட்டில் ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றது. சப்-கலெக்டர் முன்னால் சுகுணா இரண்டு படங்களையும் நீட்டினார்.

"நூலகத்துப் படத்துல கல்லறை இடது சரிவுலதான் இருக்கு, சார். இவங்க படத்த வலமிடமாத் திருப்பிட்டாங்க. ஆறு பேருமா இடக்கைக்காரங்க?"

லிங்கசாமி சிரித்தார். "ஏனுங்க டீச்சரம்மா, ஸ்கேன் பண்ணுனவன் தப்புக்கு நானுங்களா பொறுப்பு?"

"நூலகத்துப் படத்து மூலையில போட்டோக்காரர் எழுதின பேரு இருக்கு பாருங்க. தவறுதலாத் திரும்பியிருந்தா அந்தப் பேரும் கண்ணாடியில பாக்குற மாதிரி நிக்கும். உங்க படத்துல அந்த மூலையே இல்ல. வெட்டினவருக்குத் தான் செய்யறது தெரியும்."

"அப்ப வேலுமணியக் கேளுங்க!"

"வேலுமணி கவாத்துக் கத்தி புடிச்சவரு. திருப்பினது அவரா இருந்தா, இந்த ஆறு கையும் முதல்ல அவர் கண்ணுல பட்டிருக்கும். மூலைய வெட்டும்போதே ஆளுங்களையும் சேத்து வெட்டியிருப்பாரு. கத்திய எந்தக் கையில புடிப்பாங்கன்னு யோசிக்காத ஆளு வேலை இது."

எல்லாரும் வேலுமணியைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"லிங்கசாமி கவர்லருந்து படத்த உருவுனப்பவே, திருப்புனதுன்னு தெரிஞ்சிதுங்க. இருக்கற வேலையும் போயிருமேன்னு வாய மூடிக்கிட்டேன். எங்கப்பனும் இங்கதான் கெடக்காரு."

லிங்கசாமியின் சிரிப்பு நின்றது. "மூளையில்லாத பய" என்று முணுமுணுத்தார். யாரைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

சப்-கலெக்டர் இரண்டு படங்களையும் வாங்கிக் கோப்பில் வைத்தார். "இந்த நிலத்துல யாரும் கை வைக்கக் கூடாது. விற்பனையும் நிக்கட்டும்."

ஜேசிபி டிரைவர் திரும்பிப் போக ரிவர்ஸ் கியரைப் போட்டான். பொன்னாயி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"மெதுவா, தம்பி. எடப்பக்கம் ஒடிக்காத. அங்க எம் புள்ள படுத்திருக்கான்."

டிரைவர் தலையை வெளியே நீட்டி, அவள் கை காட்டியபடி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தான்.