உள்ளேயிருந்து தட்டுகிறவர்கள்

தேன்மொழி மிளகு ட்ரம்மை வெளியிலிருந்துதான் தட்டினாள். காலி இரும்பு ட்ரம், கையில் களி கிண்டும் துடுப்பு, பக்கத்துக் கல்மேல் பதிவு செய்துகொண்டிருந்த கைபேசி. அவ்வளவுதான். ஆனால் ஹெட்போனில் கேட்டபோது, அவளுடைய ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால், கொஞ்சம் தாமதித்து, உள்ளேயிருந்து இன்னொரு தட்டு வந்தது. எதிரொலி என்றால் தேய்ந்து போக வேண்டும். இது போகப்போக ஓங்கியது.

பனி இறங்கவே ட்ரம்மை வீட்டுக்குள் உருட்டி வந்து மூடியைத் திறந்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

தட்டும் சத்தம் ஒரு பழைய நீர்மூழ்கிக் கப்பல் கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக. அதைச் செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடிவிட்டது. மனசு கேட்காத சில பேர் உலகத்தின் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து, காசு வாங்காமல், அதை இன்னும் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் இருக்கும் இளங்கோ எல்லாருடைய வேலையையும் சேர்த்துப் புதுப் பதிப்பாக்குகிறவன். மலைமேல் வாழவந்தி நாட்டில் இருந்த தேன்மொழி சத்தம் செய்கிறவள். குடத்துத் தண்ணீர் அவள் கையில் அலையாகும், மாவு மில் எஞ்சினாகும். "ஊரே மரவள்ளி போடுது, எம்பொண்டாட்டி கப்பலு உடறா" என்று அவள் புருஷன் காளியண்ணன் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான்.

அந்த விளையாட்டில் ஒன்று மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. எதிரிக் கப்பலை மூழ்கடித்தால் வெற்றி மேளம் முழங்கும், கடல் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாகிவிடும். உள்ளே இருந்தவர்கள்? அவளுடைய அண்ணன் வேல்முருகன் கட்டட வேலைக்குப் போன இடத்தில் மண் சரிந்து புதைந்தான். தோண்டி எடுத்தபோது கையில் கல் இருந்தது. பக்கத்து இரும்புக் குழாய் முழுக்க அடித்த தழும்பு. மேலே ஓடிய எந்திர இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. இனிமேல் கப்பலை மூழ்கடிக்கிறவன் உள்ளே கிடப்பவனின் தட்டலைக் கேட்டே ஆகவேண்டும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். போன வாரம் செய்து அனுப்பியது போதவில்லை. இன்னும் கனமாக வேண்டுமென்றுதான் இன்று மறுபடி தட்டினாள்.

இளங்கோ கூப்பிட்டான்.

"அக்கா, போன வாரம் அனுப்புன தட்டற சத்தத்த எடுத்துரலாங்க. ஓட்டிப் பாத்தவங்க எல்லாரும் பயப்படறாங்க. விளையாட்ட மூடுன பொறகும் கேக்குதுங்கறாங்க."

"கேக்கட்டும்."

"எனக்கும் கேக்குதுக்கா. செவுத்துக்குள்ள. இன்னைக்குப் பதிப்ப உடோணும். தூக்கிரட்டுங்களா?"

"அதத் தூக்குனா எம்பட சத்தம் அத்தனையும் தூக்கிட்டு நானும் போயிருவேன். ஒருத்தன் உள்ள கெடந்து தட்டறான் இளங்கோ. காதப் பொத்திக்கிட்டு விளையாடறதுக்கா இத்தன வருசம் பாடுபட்டோம்?"

போனில் குமிழி விடும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு அதுவும் நின்றது.

வெளியே பொழுது சாய இன்னும் நேரம் இருந்தும் பனி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, எப்போதும்போல் வெள்ளையாக இல்லாமல் பாசி பிடித்த தொட்டித் தண்ணீரின் நிறத்தில் தடித்துக்கொண்டே போக, சில்வர் ஓக் இலைகளின் சலசலப்பும் மேல்வீட்டு நாயின் குரைப்பும் ஒவ்வொன்றாக அமுங்கிப் போய், தகரக் கூரை மட்டும் ஏதோ பெரிய கனத்தைத் தாங்குவதுபோல் மெல்ல முனகத் தொடங்கியது. அடிவாரத்துக்குப் பஸ்ஸில் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைக்குமே, அப்படி அடைத்தது. அவள் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. வீடுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு ஓடினாள். மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியின் நுனிகள் எல்லாம் மேல்நோக்கி நின்று அலைந்தன.

கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. தோளால் முட்டினாள். அசையவில்லை. அந்தப் பக்கம் முழுக்கக் கனம்.

ட்ரம்முக்குள்ளிருந்து தட்டல். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. அண்ணன் கதவைத் தட்டும் விதம்.

"அண்ணா?"

தரைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. பிறகு சுவரிலிருந்து. ஒருவர் இல்லை. பல பேர்.

"நான் கேக்கறேன்!" என்று கத்தினாள் தேன்மொழி. "யாரு கேக்காட்டியும் நான் கேக்கறேன்!"

கதவிடுக்கில் தண்ணீர். கணுக்கால் வரை. சில்லென்று.

அப்போது ஜன்னல் வழியே, மேலே ஒரு வெளிச்சம்.

வானம் இருக்க வேண்டிய இடத்தில், எட்டாத உயரத்தில், மஞ்சளாக. காளியண்ணனின் பைக். எத்தனை வண்டி வந்தாலும் அந்த எஞ்சின் சத்தம் அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு மேலே, மெதுவாக, கடந்து போய்க்கொண்டிருந்தது. கடலுக்கடியில் கிடப்பவனுக்குக் கப்பல் இப்படித்தான் தெரியும்.

"ஏனுங்க!"

வெளிச்சம் நகர்ந்தது. கேட்கவில்லை. அண்ணனுக்கு நடந்த அதே கதை. ஆத்திரம் பொங்கியது.

"கேக்காமப் போயிருவீங்களா? கேக்க வெக்கறேன் பாருங்க!"

துடுப்பை எடுத்தாள். ட்ரம்மை ஓங்கி அடித்தாள். மறுபடி. மறுபடி. சுவர்கள் சேர்ந்துகொண்டன. தரை சேர்ந்துகொண்டது. வீடே தட்டியது.

வெளிச்சம் நின்றது.

கேட்டுவிட்டது! சந்தோஷத்தில் அவள் அழுதேவிட்டாள்.

வெளிச்சம் சாய்ந்தது. எஞ்சின் அடங்கியது. விளக்கு மட்டும் எரிந்தபடி கீழே இறங்கி வந்தது.

"வராதீங்க! அங்கயே நில்லுங்க!"

காளியண்ணன் ஜன்னலைக் கடந்தான். கை இன்னும் ஹேண்டில்பாரில். தலைமுடி மேல்நோக்கி. வாய் திறந்து. கண் அவளையே பார்த்தபடி. இறங்கிப் போனான்.

போகிற வழியில் அந்த விளக்கு அடியில் இருந்ததைக் காட்டியது. தோளோடு தோள் ஒட்டி நின்ற ஆட்கள். அண்ணாந்த முகங்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு கல். முன்னால் வேல்முருகன். பைக் அவன் காலடியில் போய் அமர்ந்தது. விளக்கு அணைந்தது.

இருட்டில், கீழேயிருந்து, புதிதாக ஒருவர் தட்டத் தொடங்கினார்.

தண்ணீர் இடுப்பைத் தொட்டது. மேலே, இன்னும் மேலே, வேறொரு வண்டியின் வெளிச்சம். தேன்மொழி துடுப்பை இறுக்கிப் பிடித்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.