சாந்திக் கோப்பை

நிர்மலா என்க்ளேவின் தரைத்தள வீட்டில் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. மொட்டைமாடியில் குடியிருப்பு மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. மகானுபாவர்கள்!

கட்டிலில் கிடந்தவன் குலசேகரன். இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. புரண்டு படுக்கவே ஆள் வேண்டும். அவன் மனைவி தமயந்தி தன் மணிக்கட்டில் இருந்த பதற்றமானியை வாயருகே கொண்டுபோய்க் கத்தினாள்.

"என் வீட்டுக்காரர் முழுகப் போறாருங்க! ஒரு படகு அனுப்புங்க!"

"உங்கள் குடியிருப்பின் சராசரிப் பதற்றம் மிகக் குறைவு. அங்கே ஆபத்து இல்லை. வாழ்த்துகள்," என்றது மீட்புமூளை.

யாருக்குப் படகு என்று முடிவு செய்வது அந்த இயந்திரம்தான். முன்பொரு வெள்ளத்தில், கணுக்கால் தண்ணீரில் நின்றவனெல்லாம் கழுத்தளவு என்று போனில் புளுகினான். பால் பாக்கெட் வாங்கப் படகு கேட்ட புண்ணியவான்களும் உண்டு. அதனால் வாயை நம்பாதே, நாடியை நம்பு என்று மீட்புமூளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு பதற்றமானி. ஒரு கட்டடத்தில் எல்லோருக்கும் சேர்ந்து பதற்றம் ஏறினால் படகு வரும். ஒற்றை ஆள் துடித்தால், எவனோ கிரிக்கெட் பார்க்கிறான் என்று விட்டுவிடும்.

அதோடு நிறுத்தினார்களா? மிக அமைதியான குடியிருப்புக்கு வருடாவருடம் சாந்திக் கோப்பை என்று வேறு அறிவித்துத் தொலைத்தார்கள். அன்று பிடித்தது சனி. குப்பைத் தொட்டிக்கெல்லாம் குடுமிப்பிடி சண்டை போட்டவர்கள் தினமும் காலையில் பாயும் கையுமாக மாடி ஏறினார்கள். யோகாவைக் குறை சொல்ல வேண்டாம்; அது பாவம், தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஊரில் வேலை போனது, வெயில் கொன்றது, பக்கத்துத் தெரு மூழ்கியது. இவர்கள் நாடி அசையவில்லை. எங்காவது அழுகுரல் கேட்டால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தியானத்தைத் தொடர்ந்தார்கள்.

தமயந்தி மாடிக்கு ஓடினாள். சங்கச் செயலாளர் வரதராஜுலு முதல் வரிசையில் பத்மாசனத்தில் இருந்தார்.

"சார், நாலு பேர் கீழ வாங்க. அவரைத் தூக்கி முதல் மாடில போட்டுடலாம். கெஞ்சிக் கேக்குறேன்."

"பதறாதம்மா," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "தண்ணி வரும், போகும். நீ பதறினா நம்ம சராசரி ஏறிடும். இன்னிக்குத்தான் போட்டிக்குக் கடைசி நாள். மூச்சை மெதுவா விடு."

"அவருக்கு மூச்சே நிக்கப் போகுது சார்!"

"நெகட்டிவ்வா பேசாதீங்க மேடம்," என்றாள் பின்வரிசையில் இருந்த பல் டாக்டர் தீபலட்சுமி.

தமயந்தி வரிசை வரிசையாக மூடியிருந்த கண்களைப் பார்த்தாள். இந்த ஜென்மங்களுக்கு எதுதான் உறைக்கும்? மனுஷன் சாவது உறைக்கவில்லை. கீழே மிதக்கும் சொந்தக் கார்கூட உறைக்கவில்லை. அதற்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

"சரி, நல்லா உக்காருங்க," என்றாள். "கோப்பையை ஸ்ரீவத்ஸா கார்டன்ஸுக்குக் குடுத்துட்டாங்களாம். இப்பத்தான் செய்தி வந்துச்சு."

வரதராஜுலுவின் கண் படக்கென்று திறந்தது. "எந்த மடையன் குடுத்தது?"

"அந்தக் களவாணிப் பசங்களுக்கா?" பல் டாக்டர் பாயை உதறிக்கொண்டு எழுந்தாள். "தூக்க மாத்திரை போட்டு ஜெயிச்சிருப்பாங்க சார்! விடக்கூடாது, கேஸ் போடணும்!"

உன் பெண்டாட்டி விக்கலால்தான் கோப்பை போச்சு என்று ஒருவர் இன்னொருவர் சட்டையைப் பிடித்தார். எல்லா மணிக்கட்டுகளும் சிவப்பாக மின்னின.

"பேராபத்து. படகுகள் புறப்பட்டுவிட்டன," என்றது மீட்புமூளை.

தமயந்தி கீழே ஓடினாள். முதலில் ஒரு சின்னப் படகு வந்தது. குலசேகரன் தாடையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கிடந்தான். படகோட்டியும் தமயந்தியும் ஜன்னல் வழியாக அவனை இழுத்துப் படகில் கிடத்தினார்கள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அவளும் அழுதாள்.

"கிளம்பணும்மா," என்றான் படகோட்டி. "ஏரி உடைஞ்சிருச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல மொட்டைமாடியும் தாங்காது. பின்னாலயே ஆளில்லாப் பெரிய படகு வருது, மிச்சப் பேரை ஏத்திக்கும்."

மாடியில் அடிதடி ஓயவில்லை. தமயந்திக்கு மனசு கேட்கவில்லை. எப்படியும் பிழைக்கப் போகிறவர்கள். பொய்யோடு எதற்கு அனுப்ப வேண்டும்?

"சார்!" என்று அண்ணாந்து கத்தினாள். "நான் சொன்னது பொய்! கோப்பையை இன்னும் யாருக்கும் குடுக்கல! மன்னிச்சுக்குங்க!"

சட்டையைப் பிடித்திருந்த கை விட்டது. பாய்கள் மளமளவென்று விரிந்தன.

"போன நேரத்தைப் பிடிக்கணும்!" என்றார் வரதராஜுலு. "எல்லாரும் ஆழமா இழுங்க!"

"ஐயோ, உக்காராதீங்க! படகு திரும்பிடும்!"

மாடியிலிருந்து கருணையோடு ஒரு புன்னகை இறங்கி வந்தது. அத்தனை வருடப் பயிற்சி வீண்போகவில்லை. தெருமுனைவரை வந்த பெரிய படகு நின்றது. பிறகு நிதானமாக வளைந்து வந்த வழியே போனது.

படகோட்டி தன் கருவியை அவளிடம் காட்டினான். மீட்புமூளை எழுதியிருந்தது: "நிர்மலா என்க்ளேவ்வாசிகள் அனைவரும் சாந்தியடைந்தனர்."