ஆட்டுக்கு ஒரு பாதை

காலை ஏழு மணிக்கு மண்டபத்துக் கதவைத் திறந்து விளக்கைப் போட்ட சலூன்காரன், அப்படியே நின்றுவிட்டான். அவன் செய்த ரயில் நிலையத்தைக் காணவில்லை.

ஒரு சாண் நீளக் கட்டடம்தான். ஆனால் அதில் டிக்கெட் ஜன்னல் உண்டு, ஜன்னலுக்குள் தூங்கி வழியும் குமாஸ்தா உண்டு, மழையில் கறுத்த ஓடுகள் உண்டு. கடையில் கத்தரி பிடித்த நேரம் போக, ஒன்றரை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தது. பத்து மணிக்கு மாதிரி ரயில் போட்டியின் நடுவர்கள் வருகிறார்கள். அதற்குள் நிலையம் கிடைக்காவிட்டால் அவன் உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

அவன் போலீசைக் கூப்பிட்டான். போலீஸ் என்றால் வேறு யார், கூடப்பிறந்த அக்காதான். பக்கத்துக் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர்.

மண்டபத்தை அடைத்துக்கொண்டு கிடந்த மேஜையை அக்கா ஒருமுறை சுற்றி வந்தாள். ஒரு ஊரே அதன் மேல் இருந்தது: தண்டவாளம், குளம், மலைகள், மேயும் ஆடுகள். இதைப் பொம்மை ரயில் என்று வாய்தவறிச் சொன்னாலும் மாதிரி ரயில் சங்கத்தார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். முன்பக்கம் நிலையம் இருந்த இடம் பல் விழுந்த ஈறு மாதிரி வெறுமையாகக் கிடந்தது. பூட்டு உடையவில்லை. சாவி நால்வரிடம் உண்டு: தம்பி, பல் டாக்டர், எலக்ட்ரீஷியன், தையல்காரர்.

மூவரையும் வரவழைத்து விசாரித்தாள். நேற்றிரவு தான்தான் கடைசியாகப் பூட்டியதாகவும், அப்போது நிலையம் இருந்ததாகவும் எலக்ட்ரீஷியன் சத்தியம் செய்தார். அவருக்கும் தம்பிக்கும் விளக்குக் கம்பி விஷயத்தில் வாய்த்தகராறு உண்டு. சங்கத் தலைவரான டாக்டரின் சட்டைக் கையில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டர் என்றார். மலை செய்வதற்கும் அதையேதான் மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறாராம். தையல்காரர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

மலைகளை டாக்டரும் தையல்காரரும் பங்கு போட்டுச் செய்திருந்தார்கள். எது யாருடையது என்று கேட்கவே வேண்டாம். டாக்டர் மலையில் செடிகள் பல்வரிசை போல நிற்கும். தையல்காரர் மலையில் ஆடு மேய்ந்த இடம் மொட்டையாகவும், ஆள் நடந்த தடம் தேய்ந்தும் இருக்கும்.

அக்கா ஒவ்வொரு மலையின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மூலையில் இருந்த ஒன்று மட்டும் சில்லென்றிருந்தது. சொந்த வீடு கட்டியவள் அவள். ஈரம் காயாத பூச்சு தொட்டால் குளிரும் என்று அவளுக்குத் தெரியும்.

“நேத்து இந்த மலை இங்க இருந்துச்சா?”

தம்பி விழித்தான். இருந்திருக்கும் என்றான். டாக்டர் தலையைச் சொறிந்தார்.

“மலைதானே மேடம், யாரு கவனிச்சா?” என்றார் எலக்ட்ரீஷியன். தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஸ்டேஷன் இதுக்குள்ளதான் இருக்கு” என்றாள் அக்கா.

எல்லோர் கண்களும் டாக்டரின் சட்டைக் கைக்குப் போயின. அவருக்கு வியர்த்துவிட்டது.

“அவர் இல்ல. பிளாஸ்டர் மூட்டை இங்கயே கிடக்கு, யாரு வேணா எடுக்கலாம். ஒளிச்சு வைக்கிறதுக்கு ஒரு மேடு போதும். சந்தேகம் வராம இருக்க முன்பக்கம் புல்லு ஒட்டணும், அதுவும் சரி. ஆனா பின்பக்கம் வந்து பாருங்க.”

சுவரைப் பார்த்த சரிவு அது. எந்தப் பார்வையாளனும் எட்டிப் பார்க்காத பக்கம். அங்கே ஓர் ஒற்றையடிப் பாதை புல்லைத் தேய்த்துக்கொண்டு வளைந்து வளைந்து ஏறியது. உச்சியில் ஓர் ஆடு நின்றது.

“திருட வந்தவன் அவசரத்துல இதை எதுக்குச் செய்யணும்?”

பதில் தானாக வந்தது.

“பாதை இல்லாட்டி ஆடு எப்படிம்மா மேல ஏறும்?” என்றார் தையல்காரர்.

சொன்ன பிறகுதான் தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுத்தது அவருக்கு உறைத்தது. பிறகு மறைக்கவில்லை. வருகிறவர்கள் நிலையத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரே ஒரு நாள் அது இல்லாதிருந்தால் மலைகளைப் பார்ப்பார்கள் என்று நினைத்தாராம். சாயங்காலம் எடுத்துக் கொடுத்திருப்பேன் என்றார். சங்கத்துக்காரர்களே புது மலை முளைத்ததைக் கவனிக்கவில்லையே!

மலையை அவரே கத்தியால் அறுத்துத் திறந்தார். உள்ளே நிலையத்தை வழவழப்பான லைனிங் துணியில் குழந்தையைப் போலச் சுற்றி வைத்திருந்தார். ஓர் ஓடுகூட நகரவில்லை.

தம்பி கையை ஓங்கியேவிட்டான். பிறகு என்ன நினைத்தானோ, அறுபட்ட மலையையும் அந்தப் பாதையையும் குனிந்து வெகுநேரம் பார்த்தான். கை தானாக இறங்கியது.

“இந்த ஓட்டையை என்ன பண்றது? நடுவருங்க வந்துடுவாங்க” என்றான்.

“கல்குவாரி ஆக்கிடலாம்” என்றார் தையல்காரர் மெதுவாக.

நால்வரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். வெட்டிய விளிம்புகள் பாறையாயின. டாக்டர் சரளை கொட்டினார், தம்பி ஷேவிங் பிரஷ்ஷால் தூசி பூசினான், எலக்ட்ரீஷியன் குட்டி விளக்கு ஒன்று வைத்தார்.

பத்து மணிக்கு வந்த தலைமை நடுவர் நிலையத்தைப் பார்த்துத் தலையாட்டினார். குவாரியின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. யார் செய்தது என்று கேட்டார். சங்கம் செய்தது என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். தம்பி, பின்னால் ஒளிந்து நின்ற தையல்காரரின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினான்.

“இவரு வேலைங்க.”

கட்டடத்துக்கான பரிசு தம்பிக்கே கிடைத்தது. ஆனால் அக்கா காவல் நிலையத்தில் கான்ஸ்டபிள்களின் காது புளிக்கப் புளிக்கச் சொல்லித் தீர்த்தது அந்தப் பரிசைப் பற்றி அல்ல, தம்பி அந்த முழங்கையைப் பிடித்து இழுத்ததைப் பற்றித்தான்.