சட்டை மடிப்பில் ஒரு பூரான்

எல்சி கதவைத் தட்டவில்லை. கருணாகரன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் அருள்நாதனின் உடல் முந்தின நாள் ராயபுரம் கரையில் ஒதுங்கியிருந்தது.

“அவரே கடல்ல வுயுந்துட்டாருன்னு சொல்றாங்கய்யா. அப்டி செத்தவங்களுக்குக் கல்லறைத் தோட்டத்துல எடமில்லன்னுட்டாரு சர்ச்சு சாமியாரு. எங்க கொயந்தய அங்க பொதச்சு ஒரு மாசம் ஆவல. அதும் பக்கத்துல அவரை வெக்கணும். வேற இன்னா கேட்டேன் நானு?”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போதாக்குறைக்கு, அருள்நாதனைக் கூலிவேலைக்கு வைத்திருந்த மேஸ்திரி தவசிமுத்துவே சாட்சி சொல்லியிருந்தான்: அன்று அருள்நாதன் வேலைக்கு வரவில்லை, கரையில் அழுதுகொண்டிருந்தவன் தண்ணீருக்குள் நடந்துபோனான் என்று.

கருணாகரன் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஊரில் சிக்கல் என்றால் அவரைத் தேடித்தான் வருவார்கள். உடலிலிருந்து கழற்றி எல்சி கொண்டுவந்த சட்டையை விரித்து, இறுகச் சுருட்டியிருந்த கைமடிப்பைப் பிரித்தார். உள்ளே கொஞ்சம் களிமண். அதில் மஞ்சள் நூல்போல ஒன்று செத்துக் கிடந்தது.

“கடல் புழு சார், தூண்டில்ல கோக்கறது. கடல்ல கெடந்த சட்டையில வேற என்ன இருக்கும்?” என்றான் அவருடைய நண்பன் குமாரவேல். அவன் துறைமுகத்தில் குமாஸ்தா. காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா என்று கொஞ்சம் பெருமை.

கருணாகரன் பூதக்கண்ணாடியை அவனிடம் நீட்டினார். “கடல் புழுவுக்கு ஓரத்துல மயிர் முளைச்ச சதைதான் இருக்கும். இதுக்கு மூட்டு வெச்ச கால் இருக்கு பார்.”

“அப்போ மரவட்டை!”

“மரவட்டைக்குக் கணுவுக்கு ரெண்டு ஜோடி. இதுக்கு ஒண்ணுதான். தலைக்கடியில விஷக் கொடுக்கு. இது பூரான், குமாரவேல். வீட்டுல ஓடற ஜாதி இல்லே, மண்ணுக்குள்ளேயே வாழறது. கண் கிடையாது. ஈர மண்ணை விட்டு வந்தா காஞ்சு செத்துப்போகும். கடற்கரைச் சுடுமணலுக்கு இது வராது.” எல்சியிடம் திரும்பினார். “இந்தச் சட்டை எப்போ தோய்ச்சதும்மா?”

“மொத நாளுதான். அன்னிக்குக் காலையில நல்லா உதறிக் குடுத்தேன்.”

குமாரவேலின் பெருமையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அருள்நாதன் கூலிவேலை பார்த்தது திருவொற்றியூரில். அங்கே புதுத் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தின் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. கருணாகரன் அங்கிருந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்தார். அதே மஞ்சள் நூல், இது உயிரோடு நெளிந்தது.

“வேலைக்கே வராதவன் கைமடிப்புக்குள்ளே இது எப்படிப் போச்சு, மேஸ்திரி? அவன் மேல இந்த மண் விழுந்திருக்கணும்.”

தவசிமுத்து சரிந்த பக்கத்தைக் காட்டினான். “மண்ணு சரிஞ்சிடுச்சு சார். கையாலயே தோண்டினோம். எடுக்கசொல்ல மூச்சு இல்ல. வெளிய தெரிஞ்சா வேலை நின்னுடும், கடல்ல வுட்டுடுன்னாரு காண்ட்ராக்டர். புள்ள பூட்ட துக்கத்துல வுயுந்துட்டான்னா எல்லாரும் நம்புவாங்கன்னு நான்தான் சொன்னேன்.”

போலீஸ் அவன் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டது. சாமியார் கல்லறைத் தோட்டத்தைத் திறந்துவிட்டார்.

பிள்ளையின் குழிக்குப் பக்கத்திலேயே அருள்நாதனை இறக்கினார்கள். வழக்கப்படி ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். எல்சியும் ஒரு பிடி எடுத்தாள். கையை நீட்டினாள், விரல்கள் பிரியவில்லை.

“போடும்மா, நீ கேட்ட இடம் கெடச்சிடுச்சே” என்றான் குமாரவேல்.

“இன்னொரு வாட்டி அவர் மேல மண்ணு போடச் சொல்றியா, நைனா?”

குமாரவேல் அழுதுவிட்டான். அவள் அந்தப் பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.