குறையாத தொட்டி

எவ்வளவு செலவழித்தும் தொட்டியில் தண்ணீர் குறையவில்லை.

குளித்தாயிற்று, சமைத்தாயிற்று, பாத்திரம் கழுவி, துணியும் அலசியாயிற்று. வண்டிக்குள் சிங்க்குக்கு மேலே இருந்த அளவுமானியின் முள் மட்டும் உச்சிக்கோட்டை விட்டு இறங்க மறுத்தது. முதலில் மதுமிதாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தண்ணீர் தீரவில்லை என்றால் யாருக்குக் கசக்கும்? முள் பழுது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்று மத்தியானம் கட்டிலைத் தூக்கித் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தபோது, தண்ணீர் வாய்வரை நின்றது. கறுப்பாக இருந்தது. பாசியும் ஊறிய கல்லும் பழைய தேங்காய்நார்க் கயிறும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. அவள் மூடியைப் போட்டு இறுக்கினாள்.

அவள் கணவன் ரிஷபுக்கு மத்தியதரைக் கடலைச் சுற்றிவர வேண்டும் என்று ஆசை. கடை அடைத்து வந்ததும், வெள்ளைக்கார ஜோடிகள் வேனிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு ஸ்பெயினிலிருந்து கிரீஸ் வரை கடலோரமாகப் போகும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். இலையுதிர் காலத்தில்தான் போக வேண்டும், அப்போதுதான் கூட்டம் இருக்காது என்று அவளுக்குப் பாடம் வேறு எடுப்பான். விசா கொடுக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் கைவிரித்தார்கள். சரி, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, அதற்குள் கட்டில், அடுப்பு, கட்டிலுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தான். ஜரிகைக் கடையைத் தம்பி பிரவீனிடம் ஒப்படைத்தான். திருப்பருத்திக்குன்றத்து வீட்டை வாடகைக்கு விட்டான். ஐப்பசி பிறந்ததும் கிளம்பிவிட்டார்கள். ராமேசுவரம், கன்னியாகுமரி, அங்கிருந்து மேற்குக் கடற்கரை என்று திட்டம். வண்டி கைக்குப் பழகட்டும் என்று முதலில் ஊரைச் சுற்றி ஒரு வெள்ளோட்டம். இப்படியாக, மத்தியதரைக் கடலைச் சுற்ற வேண்டியவர்கள் முசரவாக்கத்தைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில், மழைக்குள், நகராமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

நகராததற்குக் காரணம் ரிஷப்தான். நாளைக்குப் போகலாம் என்பான். நாளைக்கும் அதையே சொல்வான். கட்டிலில் சுவரோரம் சாய்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லாத அவளுக்கு இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். அதனால் அவன் முகம் கொஞ்சம் மாறினாலும் அவள் கவனித்துவிடுவாள். இப்போது அவனையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் எடுத்தது கிளம்பிய அன்று. ஐயம்பேட்டையைத் தாண்டிச் சாலையோரமாக ஒரு வயல் கிணறு. தணிகாசலம் என்ற விவசாயியுடையது. எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் குடையோடு போய்விட்டார். ரிஷப் அவருடைய வாளியிலேயே இறைத்துக் குடங்களை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தான். அவள் வண்டியின் பின்படியில் நின்று, தொட்டியின் வாயில் துணியை இரண்டாக மடித்துப் பிடித்து வடிகட்டினாள். சமணக் குடும்பங்களில் வடிகட்டாத தண்ணீரைத் தொடமாட்டார்கள். வடிகட்டினால் மட்டும் போதாது. துணியில் தங்கிய சிற்றுயிர்களை, எந்தத் தண்ணீரிலிருந்து எடுத்தோமோ அதே தண்ணீரில், மேலிருந்து கொட்டாமல் வாளியை இறக்கி மெதுவாக விட வேண்டும். வேறு கிணற்றில் விட்டால் அவை பிழைக்காது. அதன் பாவம் விட்டவரைச் சேரும்.

பாதியில் மழை பிடித்துக்கொண்டது. வாளியையும் கயிற்றையும் கிணற்றடியில் வைத்துவிட்டு வருவதாக ரிஷப் ஓடினான். மிச்சம் இருந்த குடங்களை அவள் அவசரமாக ஊற்றினாள். கடைசிக் குடம் இறங்கியபோதுதான் பார்த்தாள். அவசரத்தில் நடுவே எப்போதோ துணியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்திருந்தாள். அதுவரை துணியில் தங்கியதெல்லாம் தொட்டிக்குள் போயிருந்தது.

ரிஷப் வர நேரமாயிற்று. சொட்டச் சொட்ட நனைந்து வந்தான். அவனிடம் சொல்லவே அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த விஷயத்தில் அவன் அவளைவிடக் கெடுபிடி. ஒருமுறை வந்தவாசியில் ஒரு வீட்டில் துணியை அலசி விடாமல் வந்துவிட்டோம் என்று பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கித் திரும்பிப் போனவன். தொட்டி மொத்தத்தையும் இறக்கிக் கிணற்றில் ஊற்றச் சொல்வான் என்று நினைத்தாள். அவனோ சிரித்தான்.

"அதுங்களும் நம்ம கூட வரட்டுமே மது. எத்தினி நாளா ஒரே எடத்துல கெடக்குதுங்க."

அப்போது அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அவன் அப்படிச் சொல்கிறவனே இல்லை என்று இப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து அவன் தலைமுடி காயவில்லை. துவட்டிவிட்டாள். விசிறினாள். வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் வெளியே உட்காரவைத்தாள். கொஞ்ச நேரத்தில் நுனிகளில் திரும்பவும் சொட்டு கோத்துக்கொண்டு நிற்கும். தலையணை ஊறிப்போயிற்று. கையைத் தொட்டால் சில்லென்று, விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவனுடையவை போலச் சுருங்கியிருந்தன. காய்ச்சலாக இருக்கும் என்றாள். இருக்கும் என்றான்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது சமணர்களின் வழக்கம். அன்றும் வெளிச்சம் இருக்கும்போதே தட்டு வைத்தாள்.

"பசிக்கல மது. நீ சாப்டு. தாகம்தான் எடுத்துக்கினே இருக்குது."

அவள் தனியாகச் சாப்பிட்டுக் கையைக் கழுவினாள். ஏரிக்கு மேலே சிவப்பு வடிந்து சாம்பலாகி, தவளைகள் கத்தத் தொடங்கி, இருட்டு வண்டியின் கண்ணாடிகளில் ஒட்டிக்கொண்ட பிறகு, சிங்க்கின் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ரிஷப் டம்ளரைப் பிடித்துக் குடித்தான். மறுபடி பிடித்தான். சிறுவயதிலிருந்து பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் தண்ணீர்கூடத் தொடாதவன், அண்ணாந்து நிறுத்தாமல் குடித்துக்கொண்டே இருந்தான். விழுங்குகிற சத்தம் வரவில்லை. ஊற்றுகிற சத்தம்தான் வந்தது. அவன் குடிக்கக் குடிக்க, கட்டிலுக்கு அடியில் தொட்டி மெல்ல அலையடித்தது.

அவள் வெளியே வந்து பிரவீனுக்குப் போன் செய்தாள். உடம்பு சரியில்லை, அண்ணனிடம் நீங்களே பேசிப் பாருங்கள் என்று சொல்லி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள். ரிஷப் சாதாரணமாகத்தான் பேசினான். கடை எப்படிப் போகிறது, மழையில் நெசவாளிகள் தெருவில் பாவு நூல் நீட்ட முடியாமல் சும்மா இருப்பார்களே, ஜரிகை விற்குமா என்றெல்லாம் விசாரித்தான். அவள் ஆறுதலாகப் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அண்ணி, அண்ணன்கிட்ட குடுங்க. இவ்ளோ நேரமா தண்ணி சலசலன்ற சத்தம்தான் கேக்குது. யாரும் பேசல."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். முன்சீட்டில் உட்கார்ந்து விடியும் வரை மனசுக்குள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலையில் தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கனமாக இறங்கியது. கரை சரிவானது, ஊற்றிய தண்ணீர் ஏரிக்குத்தான் ஓட வேண்டும். ஓடவில்லை. நாலு சக்கரங்களுக்கு நடுவே வட்டமாகத் தேங்கி நின்றது. மத்தியானம் வரை இறங்கியது. அளவுமானியின் முள் உச்சியில். மேலே ஜன்னல் வழியாக ரிஷப் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமில்லாமல், சலிப்பில்லாமல், கண் இமைக்காமல்.

செய்த தப்பு தெரிந்தால் செய்ய வேண்டியதும் தெரியும். அதே கிணற்றுக்குப் போக வேண்டும். எடுத்ததை எடுத்த இடத்தில் விட வேண்டும். விட்டால் எல்லாம் சரியாகிவிடும், அவன் முடி காயும், அவனுக்குப் பசிக்கும், தன் புருஷன் தனக்குத் திரும்பக் கிடைப்பான் என்று அவள் நம்பினாள். நம்புவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. காய்கறி வாங்க வேண்டும் என்று சொல்லி வண்டியைக் கிளப்பினாள். அவன் பின்னாலேயே படுத்திருந்தான். வழியெல்லாம் மழை. மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் தொட்டித் தண்ணீர் குலுங்கவில்லை. வண்டி ஐயம்பேட்டையைத் தாண்டியபோதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அங்க எதுக்கு மது?"

அவள் ஆக்சிலேட்டரை அழுத்தினாள். 

வரப்பில் தணிகாசலம் நின்றிருந்தார். வண்டியை அடையாளம் தெரிந்து, குடையைச் சாய்த்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"எத்தினி கொடம்மா எடுத்துக்கினு போனீங்க அன்னிக்கு? மறுநாளு மோட்டார் போட்டா வெறும் காத்துதான் வருது. இந்த மழைல ஊர்ல இருக்குற கெணறெல்லாம் தளும்பிக்கினு நிக்குது. என்துல சொட்டுத் தண்ணி இல்ல."

ஏழெட்டுக் குடம்தான் என்றாள். அவர் நம்பவில்லை. நம்பாமல் என்ன செய்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். கரையெல்லாம் சரிந்து கிடக்கிறது, அந்தச் சேற்றில் யார் போவது, மழை விட்டதும் ஆளை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, வாளியையும் கயிற்றையும் எங்கே வைத்தீர்கள், அன்றிலிருந்து காணோம் என்றார்.

"அவருதான் கொண்டாந்து வெச்சாரு."

"அவரு எங்க?"

வண்டியில் என்று கையைக் காட்டினாள். கண்ணாடிகள் முழுக்க உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. தணிகாசலம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாட்டைக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அவள் தொட்டியிலிருந்து ஒரு பக்கெட் பிடித்து, துணி காயப்போடும் கயிற்றையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு இறங்கினாள். ரிஷப் கட்டிலில் கண்மூடிக் கிடந்தான். பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வானம் ஈயம் பூசியது போல இருந்தது. சேறு கணுக்கால்வரை இழுத்தது.

கிணற்றின் ஒரு பக்கம் கரை உடைந்திருந்தது. மழை கரைத்தது போக மிச்சமாக அங்கே ஒரு நீளமான தடம். குதிகால் சறுக்கிய தடம். புல்லைப் பிடித்து இழுத்த தடம். கிணற்றுக்குள் போயிருந்தது.

வெளியே வந்த தடம் இல்லை.

பார்க்காதே என்று மனசு சொன்னது. முதலில் வந்த வேலையை முடி. பக்கெட்டில் கயிற்றைக் கட்டி மெதுவாக இறக்கினாள். கையில் இருந்த கயிறு தீர்ந்தது. கயிற்றை அசைத்துப் பக்கெட்டைச் சாய்த்தாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

விழுந்த சத்தம் வரவில்லை.

மழை கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது. அதற்கும் சத்தம் இல்லை. அவள் மண்டியிட்டு, போனில் டார்ச்சைப் போட்டு உள்ளே நீட்டினாள். வெளிச்சத்தில் மழைக்கோடுகள் இறங்கின. பாதி ஆழம் வரை. அதற்குக் கீழே மழை இல்லை. அடியில் சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது.

நடுவில் ஒரு மனிதன்.

இடுப்புவரை புதைந்திருந்தான். உதடுகள் பிளந்திருந்தன. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வெளிச்சம் பட்டதும் முகம் மெல்ல மேலே திரும்பியது.

ரிஷப்.

என்னங்க, என்றாள்.  அவன் வாயைத் திறந்தான். குரல் எழும்பவில்லை. இரண்டு கைகளையும் குவித்து மேலே நீட்டினான். அத்தனை நாளும் நீட்டிக்கொண்டே இருந்திருப்பான். அவள் ஏரிக்கரையில் வேறொருவனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கெட்டை இழுத்து, மிச்சம் இருந்த தண்ணீரை அவன்மேல் கவிழ்த்தாள். பாதி ஆழத்தில் அது இல்லாமல் போயிற்று. கையால் மழையை ஏந்தி ஊற்றினாள். போயிற்று. புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். அதுவும் போயிற்று. அவள் அழுதாள். கண்ணீரும் போய்ச் சேரவில்லை.

பின்னால் வண்டியின் கதவு திறந்தது.

சேற்றில் காலடி. நிதானமாக. ஈரமாக. ஒவ்வொன்றாக.

அவள் திரும்பவில்லை. ஓடவும் இல்லை. ஓடினால் கீழே இருப்பவனை விட்டுவிட்டல்லவா ஓட வேண்டும். பாசியும் ஊறிய கல்லும் மணக்க, அது அவள் பக்கத்தில் வந்து மண்டியிட்டது. சில்லென்ற ஒரு கை அவள் தோளைச் சுற்றிக்கொண்டது. அவள் கணவனின் முகம் அவள் கன்னத்தோரமாகக் குனிந்து கிணற்றுக்குள் பார்த்தது.

"பாவம் மது," என்றது. "தாகமா இருக்குது அவனுக்கு."

அதன் முடி நுனியில் சொட்டு கோத்தது. நின்றது. விழுந்தது. மழை நின்றுபோகிற இடத்தைத் தாண்டி, வெளிச்சத்தில் மின்னிக்கொண்டே இறங்கி, கீழே, குவிந்த கைகளில் பட்டென்று விழுந்தது. அந்தச் சத்தம் மட்டும் மேலே கேட்டது.

அடுத்த சொட்டு கோத்தது. கீழே ரிஷப் கைகளைத் தாழ்த்திவிட்டு, கண்களை மூடி, வாயை அகலத் திறந்தான்.