ரெண்டு பேரும் சொன்னாத்தான் கோடு

இரண்டாயிரத்து மூன்று, ஐப்பசி மழை. காசிமேட்டு ஐஸ் கொட்டகைக்குள் ஓடி ஒதுங்கிய வெற்றி, தரையில் விரித்திருந்த பெரிய காகிதத்தை மிதித்துவிட்டான்.

"யோவ், ஏழெட்டு படகு மேல நிக்கிறய்யா," என்றாள் காகிதத்துக்குச் சொந்தக்காரி.

நிமிர்ந்தான். கண்ணா அது... மழையில் நனைந்த மை இமையோரம் இறங்கியிருந்தது. வாங்கிய திட்டு கூட இனித்தது, பாவிக்கு!

எழில்மொழி, வியாசர்பாடிப் பெண். பல்கலைக்கழகத்தில் வலைப்பின்னல் ஆராய்ச்சி. யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்பதுதான் பாடமே. ஒவ்வொரு படகும் ஒரு புள்ளி. கடலில் ஆபத்தென்றால் வயர்லெஸ்ஸில் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்பாள். இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் சொன்னால்தான் நடுவே கோடு.

விசைப்படகு ஓட்டும் வெற்றி, காசிமேட்டு ஆட்களை அவளிடம் கூட்டிவந்தான். எண்ணூர் ஆட்களைச் சேர்க்க, அந்த ஊர்ப் படகோட்டியான தன் உயிர்த் தோஸ்து கருணாகரனையும் தானே கூட்டிவந்தான். சொந்தக் காசில் சூனியம்!

கருணாகரன் ஏதோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் அவனுக்குக் குடை வேறு பிடித்தாள்... என்னிடம் ஒருநாளாவது இப்படிச் சிரித்தாளா? வெற்றிக்கு வயிறு எரிந்தது. அன்று யாரைக் கூப்பிடுவாய் என்று அவள் அவனைக் கேட்டபோது நாலு பேரைச் சொன்னான். கருணாகரன் பெயரை மட்டும் விழுங்கிவிட்டான்.

அடுத்த வாரம் காகிதத்தை விரித்தவள் முகத்தில் சிரிப்பில்லை. காசிமேடு ஒரு தீவு, எண்ணூர் ஒரு தீவு... நடுவே ஒற்றைக் கோடு கூட இல்லை. ஒரே கடலில் தொழில் செய்கிறவர்கள் இப்படியா இருப்பார்கள், நீ விசாரித்ததே தப்பு, ஆய்வை ஏற்க முடியாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். அவள் கண்ணில் நீர் திரண்டது.

"கருணா உன் பேரைச் சொன்னாரு. நீ ஏன் அவரைச் சொல்லல?"

ரோஷம் ஒரு பக்கம், அவள் கண்ணீர் ஒரு பக்கம்... ரோஷத்தை விட்டான்.

"எனக்கு இன்னா ஆனாலும் மொதல்ல அவனைத்தான் கூப்புடுவேன். நீ அவன்கிட்ட சிரிச்சிகினு இருந்தியா... பொறுக்கல. உன் மேல ஆசை கீது, எழிலு."

அவள் பென்சிலை எடுத்து அவனுக்கும் கருணாவுக்கும் நடுவே கோடு இழுத்தாள். இரண்டு தீவும் சேர்ந்தன.

"மொத தடவ கடலுக்குப் போய் நீ வாந்தி எடுத்தியாமே... அதைச் சொல்லித்தான் சிரிக்க வெச்சாரு. நான் கேட்டதெல்லாம் உன் கதைதான்."

வெற்றிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் சொல்லிட்டேன்," என்றான் மெதுவாக. "ரெண்டு பேரும் சொன்னாத்தானே கோடு?"

மழை விட்டிருந்தது. அவள் காகித ஓரத்தில் புதிதாக இரண்டு புள்ளி வைத்தாள்...

"வெற்றி," என்றாள்.